லிஸ் ஹார்டெல் பத்தி ஒரு சின்ன திருத்தம்

அண்ணே, நீங்க ஃபார்வர்ட் பண்ண மெசேஜ்ல, டென்மார்க்ல போலியோ வந்த ஒரு அம்மா குதிரை ஓட்டியே கால் முழுசா குணமாகி ஒலிம்பிக்ல தங்கம் ஜெயிச்சாங்கன்னு இருக்கு. அவங்க லிஸ் ஹார்டெல், ஆள் உண்மைதான், ஆனா கால் குணமாகல. 1944ல போலியோ வந்துச்சு, விடாம பயிற்சி செஞ்சு நிறைய தேறினாங்க, முட்டிக்கு கீழ மட்டும் அசைவு திரும்பல. 1952 ஹெல்சிங்கில ஜூபிலிங்கிற குதிரை மேல ஏத்தி விடவும் இறக்கி விடவும் ஆள் வேணும், அப்படியே போய் ஆம்பளைங்களோட போட்டி போட்டு டிரெஸ்ஸாஜ்ல (ஓட்டுறவங்க சைகைக்கு ஏத்த மாதிரி குதிரை அழகா அடியெடுத்து வைக்கிற போட்டி) வெள்ளி வாங்கினாங்க, 1956லயும் வெள்ளிதான். (என்னை கேட்டா அந்த வெள்ளியே போதும்லா, எதுக்கு தங்கமா மாத்தணும்?)

ஒலிம்பிக் கமிட்டி வெப்சைட்ல 1952 குதிரையேற்ற ரிசல்ட்ட தொறந்து பாருங்க, தங்கம் சுவீடன்காரர் ஹென்றி செயின்ட் சிர் பேர்ல இருக்கும். கால் விஷயம் அந்தம்மா பேர தேடினாலே அவங்க வாழ்க்கைக் குறிப்புல வரும்.

இத சொல்றதுக்கு காரணம், கீழ நம்ம சுங்கை சிப்புட் தோட்டத்து அக்கா ஒருத்தங்க மகனோட பிசியோவ (உடற்பயிற்சி சிகிச்சைய) நிறுத்திட்டு குதிரைக்கே போகலாமான்னு கேட்டிருக்காங்க. அக்கா, குதிரை நடக்குறப்ப மேல உக்காந்தவங்க இடுப்பு நாம நடக்குற மாதிரியே அசையும், பேலன்ஸுக்கு நல்லது, ஆனா பிசியோவ நிறுத்திடாதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.