ரபாபும் உடுக்கையும்

நேற்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து ஆப்கன் பெண் பிள்ளைகள் இசைக்கருவி வாசிக்கும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். "ஏனுங்ப்பா, இவங்க ஊர்ல வாசிக்காம எதுக்குப் போர்ச்சுகல்ல வாசிக்கறாங்க?" என்றாள். அங்கே வாசித்தால் அடிப்பார்கள் கண்ணு என்றேன். நம்பவே மாட்டேன் என்கிறாள். வள்ளி கும்மி பழகுகிற பிள்ளை. கோயில் திடலில் பாட்டு ஆரம்பித்தால் ஊரே வந்து நிற்பதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

1996 முதல் 2001 வரை தாலிபான் ஆட்சியில் இசைக்குத் தடை. கருவிகளை உடைத்தார்கள், கேசட்டில் இருந்து நாடாவை உருவித் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்பே உள்நாட்டுப் போர் காபூலின் கராபாத்தை இடித்துப் போட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமீர் ஷேர் அலி கான் நம் நாட்டில் இருந்து வரவழைத்த இசைக்காரர்கள் குடியேறி, அவர்கள் வழியில் உஸ்தாதுகள், அதாவது இசை ஆசான்கள், வளர்ந்த பகுதி அது. பலர் பெஷாவருக்கு ஓடினார்கள். அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த வித்தை. ஒரு தெரு சிதறினால் ஒரு நாட்டின் இசையே ஆட்டம் காணும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

2010இல் அகமது சர்மஸ்த் என்ற இசை ஆய்வாளர் காபூலில் ஆப்கானிஸ்தான் தேசிய இசைக் கழகம் என்ற பள்ளியைத் தொடங்கினார். அவர் செய்ததில் பெரிய காரியம், யாரைச் சேர்த்தார் என்பதுதான். அனாதைப் பிள்ளைகள், தெருவில் பொருள் விற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள், பெண் பிள்ளைகள். ஒரே கூரையின் கீழ் ரபாப் என்ற ஆப்கன் நரம்புக் கருவியும் வயலினும் சிதாரும் தபலாவும். சொல்லிக்கொடுக்க இந்தியாவில் இருந்தும் ஆசிரியர்கள் போனார்கள். பெண்கள் மட்டுமே வாசிக்கும் ஜோஹ்ரா இசைக்குழு அங்கே பிறந்ததுதான்.

சோத்துக்கே வழியில்லாத நாட்டில் பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி பிடிபடுவதில்லை. பாலத்தை இருபது வருசம் கழித்தும் கட்டலாம், வரைபடம் இருக்கும். எழுபது வயது ரபாப் வாசிப்பவர் அதுவரை இருப்பாரா?

2014 டிசம்பரில் மாணவர்களின் நிகழ்ச்சி ஒன்றில் தற்கொலைப் படைக்காரன் வெடித்தான். சர்மஸ்துக்குக் காது போனது. ஆஸ்திரேலியாவில் சிகிச்சை எடுத்துக்கொண்டு மறுபடி காபூலுக்கே திரும்பினார். 2021இல் தாலிபான் வந்ததும் பள்ளியைச் சேர்ந்த 273 பேர் நாட்டை விட்டு வெளியேறிப் போர்ச்சுகலில் அடைக்கலமானார்கள். இப்போது பிராகா நகரத்தில் பாடம் நடக்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு எங்கள் காங்கயம் பக்கத்து ஞாபகம்தான். பிரெண்டா பெக் என்ற கனடாக்காரர் 1960களில் ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணமார் சாமி கதையை உடுக்கையோடு பாடக் கேட்டு நாடாவில் பதிந்தார். பல ராத்திரி பாடுகிற கதை. அந்தப் பதிவு இருப்பது நம் பாக்கியம். ஆனால் உடுக்கையின் கயிற்றை எந்த இடத்தில் இறுக்கினால் கேட்பவனுக்கு அழுகை வரும் என்பதை நாடா சொல்லிக்கொடுக்காது. பக்கத்தில் உட்கார்ந்து கை பார்த்துப் பழக வேண்டும்.

இங்கே குண்டு விழவில்லை. எங்கள் ஊரில் உடுக்கை அடிக்கும் அய்யனின் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். உடுக்கை அடித்தவர்களுக்கு நாம் கொடுத்த மரியாதை அப்படி. விடிய விடியப் பாடியவரைத் திண்ணைக்குக் கீழே உட்கார வைத்துச் சோறு போட்ட ஊர் இது. பிறகு மகன் எதற்காக அதைத் தூக்கிச் சுமப்பான்? சரி, அவன் வேண்டாமென்றால் நாம் யாராவது போய்க் கற்றுக்கொண்டோமா? அது அவர்கள் குடும்பத்து வேலை என்று விட்டுவிட்டோம். காபூலில் ஒரு பள்ளிக்கூடம் அந்தக் கதவைத் திறந்தது. நாம் இன்னும் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அய்யனைப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் வந்தால் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். "வந்தாச் சொல்லிக் குடுக்கறதுக்கு எனக்கென்னுங் சாமி" என்றார். பொண்ணுப் பிள்ளை வரலாமா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய், பரண் மேல் கிடந்த சின்ன உடுக்கையை எடுத்துத் துடைத்து, "அம்மணி கைக்கு இது சரியா இருக்கும், பாருங்" என்று நீட்டினார். தோல் தளர்ந்திருக்கிறது. மாற்றக் கொடுத்திருக்கிறேன்.