நாற்பது இணைப்பு வேண்டாம், ஒன்று போதும்

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, ஓய்வு நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, எங்கள் தொடக்கப்பள்ளியின் மூன்றாம் ஆண்டு கணித ஆசிரியை கைப்பேசியும் கையுமாக நூல்நிலையத்துக்குள் வந்தார். "அக்கா, நீங்க குழுவுல போட்டீங்களே, பின்னம் சொல்லித் தர்றதுக்கு ஒரு லிங்க், அது எங்க இருக்கு? நானும் தேடிப் பாத்துட்டேன், கிடைக்கவே இல்ல. அடுத்தது என் பாடம்." நானும் தேடினேன். பிறந்தநாள் வாழ்த்து, கூட்ட அறிவிப்பு, யாரோ மறந்து வைத்துப் போன குடையின் படம், மறுபடியும் வாழ்த்து. இவற்றுக்கு நடுவில் எங்கேயோ என் இணைப்பு. மணி அடித்துவிட்டது. "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வகுப்புக்குப் போனார்.

அன்று மாலை உட்கார்ந்து எண்ணினேன். அந்தக் கல்வியாண்டில் மட்டும் நான் ஆசிரியர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்ந்திருந்தவை 43 இணைப்புகள். அவற்றில் ஒரு மாணவர் செய்வதைப்போல முதலிலிருந்து கடைசிவரை நானே செய்து பார்த்தவை ஆறோ ஏழோதான். மற்றவை எல்லாம் எனக்கு வந்தன, பார்க்க அழகாக இருந்தன, அனுப்பிவிட்டேன். இதை வெளிப்படையாக எழுதக் காரணம், என் பள்ளி இருக்கும் சுங்கை சிப்புட்டில் மட்டுமல்ல, மலேசியாவில் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் நூலகப் பொறுப்பாசிரியர்கள் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். அனுப்புவதைப் பகிர்வது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடின, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. அந்த ஜூன் மாதமே கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா வந்தது. அப்போது யாருக்கும் எதுவும் தெரியாது, கையில் கிடைத்ததை எல்லாம் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டோம், அது தேவையாகவும் இருந்தது. பள்ளி திறந்து இத்தனை வருடம் ஆகியும் அதே வேகத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறோமே, அதைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறேன்.

நூலகத் துறையில் இருப்பவர்களுக்கு எஸ். ஆர். ரங்கநாதனைத் தெரிந்திருக்கும். சீர்காழியில் பிறந்த தமிழர், நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தவர், 1931இல். அதில் நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. படித்த காலத்தில் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். என் பள்ளியில் என் முதல் வாசகர் ஆசிரியர்தான் என்பது அந்த வியாழக்கிழமைதான் உறைத்தது. 30 நிமிடப் பாடவேளை, அதில் வகுப்பு அடங்க நான்கு நிமிடம், புரொஜெக்டர் எரிய மூன்று நிமிடம். இப்படிப்பட்டவரிடம் 43 கதவுகளைக் காட்டி எதை வேண்டுமானாலும் திறந்துகொள்ளுங்கள் என்றால் அவர் நேரத்தை நான் மிச்சப்படுத்தவில்லை, தின்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். வாரத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை ஆசிரியர் அறை மேசையில் ஒரு ஏ4 தாள் இருக்கும். எந்த ஆண்டு, எந்தப் பாடம், எந்தத் தலைப்பு, எத்தனை நிமிடம், முன்கூட்டியே என்ன தயார் செய்ய வேண்டும், கணக்குத் திறக்க வேண்டுமா வேண்டாமா, நம் பள்ளி இணையத்தில் திறக்கிறதா, ஓரத்தில் கியூஆர் குறியீடு. அந்தத் தாளை எழுதுவதற்கு முன்பு மூன்றாம் ஆண்டு வகுப்பின் பழைய மடிக்கணினியில் நானே அதை ஓட்டிப் பார்ப்பேன். என் கணினியில் ஓடுவதெல்லாம் அந்த மடிக்கணினியில் ஓடாது. அங்கே ஓடினால் பள்ளியில் எங்கே வேண்டுமானாலும் ஓடும்.

முதல் தாள் அந்தப் பின்னம்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் உருவகங்கள், அதாவது திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் கணித, அறிவியல் சோதனைகள், பல ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, இலவசம், விளம்பரம் கிடையாது, சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. இதெல்லாம் எல்லாருமே சொல்வது. ஆனால் எங்களைப் போன்ற பள்ளிக்கு உண்மையில் உதவியது இன்னொன்று. பல உருவகங்களைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே இல்லாமல் ஓடும். மழை பிடித்தால் லைன் போய்விடும் ஊரில் இதைவிட என்ன வேண்டும்? ஆறு உருவகங்களை ஒரு பென்டிரைவில் போட்டு அறிவியல், கணித ஆசிரியர்களிடம் கொடுத்தேன். ஐந்தாம் ஆண்டு மின்சுற்றுப் பாடத்தில், தொடர் மின்சுற்றில் ஒரு விளக்கைக் கழற்றினால் எல்லாம் அணைகிறது, இணை மின்சுற்றில் மற்றது எரிகிறது என்பதைத் திரையில் செய்து காட்டிவிட்டு, அதே பாடவேளையில் உண்மையான மின்கலத்தையும் கம்பியையும் கொடுத்து அறிவியல் ஆசிரியர் செய்ய வைத்தார். திரையைப் பார்த்ததோடு பிள்ளைகளை விட்டுவிடாத ஆசிரியர் அவர். இதற்கு அவருக்குத்தான் நன்றி.

அப்புறம் ப்ளிக்கர்ஸ் என்ற வினாடி வினாச் செயலி. கஹூட், குவிசிஸ் போன்ற இணைய வினாடி வினாத் தளங்கள் எல்லாம் நல்லவைதான், பட்டணத்துப் பள்ளிகளில் ஆளுக்கொரு கருவி இருக்கும். எங்களிடம் கிடையாது. ப்ளிக்கர்ஸில் மாணவரிடம் காகித அட்டை மட்டும்தான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கட்டம் கட்டமான உருவம், அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடை, எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் கைப்பேசிக் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். ஒருவர் அட்டையைப் போல இன்னொருவர் அட்டை இருக்காது, அதனால் பக்கத்தில் பார்த்துத் திருப்பவும் முடியாது.

அட்டைகளைக் கெட்டியாக வைக்கலாம் என்று கடைக்குக் கொண்டுபோய் பளபளவென்று லேமினேட் செய்தேன். விளக்கு வெளிச்சம் பட்டு ஒன்றும் பதியவில்லை. மறுபடியும் மணிலா அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் இல்லாமல் கொடுத்தேன். இந்தத் தவறை வேறு யாரும் செய்ய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் 19 மாணவர்கள். லகர, ளகர, ழகரக் கேள்விகள் பத்து. பள்ளியா பல்லியா, வாழையா வாளையா, இப்படி. ஆசிரியை வாயால் கேட்கும்போது எப்போதும் அதே ஐந்து பேர்தான் கத்துவார்கள், வகுப்பே புரிந்துகொண்டது போலத் தெரியும். அட்டையில் பார்த்தால் "பழம்" என்ற கேள்வியில் 11 பேர் தவறு. இன்னொன்றும் தெரிந்தது. கடைசி வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை பத்துக்குப் பத்தும் சரி. அந்த ஆசிரியை அன்று என்னிடம் வந்து சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது. "ஒரு வருஷமா அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்கா."

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் பிள்ளைகள் படிக்கக் கதை இல்லை என்று நம் ஆசிரியர்கள் சொல்வதை இருபது வருடமாகக் கேட்கிறேன். அது இப்போது உண்மையில்லை. பெங்களூரில் இருக்கும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, நான்கு படிநிலைகளாகப் பிரித்து. முதல் படிநிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்புக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கதைகளில் வரும் தமிழ் நல்ல தமிழ், பிள்ளைகள் வாழும் ஊர் வேறு. ரூபாய் வரும், மாட்டுவண்டி வரும். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது வெள்ளியும் (ரிங்கிட்) பசார் மாலாமும் (இரவுச் சந்தை). சந்தைக்குப் போகும் ஒரு சிறுமியின் கதையைப் படித்துக் காட்டியபோது, "டீச்சர், சந்தைன்னா பசார் மாலாமா?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி.

பெரும்பாலான ஆசிரியர்கள் அறியாத ஒன்று இங்கேதான் இருக்கிறது. அந்தத் தளத்துக் கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பவை. எழுதியவர், படம் வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு நாம் அவற்றை மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம். நான் குறைநீக்கல் ஆசிரியரோடு உட்கார்ந்து அந்தச் சந்தைக் கதையை எங்கள் ஊர் பசார் மாலாமுக்கு மாற்றினேன். மூலக்கதையின் பெயர்களை முன்பக்கத்தில் போட்டு, அச்சடித்து, ஓரம் தைத்துக் கொடுத்தோம். பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

பிறகு அவர்களே ஒரு கதை செய்யட்டும் என்று விட்டோம். வீட்டில் தாத்தா பாட்டியிடம் போய்த் தோட்டத்தில் வேலை செய்தபோது பயன்படுத்திய ஐந்து சொற்களைக் கேட்டு வரச் சொன்னோம். இந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்று எங்கே பார்த்தாலும் செம்பனைதான். பால்மரம் (ரப்பர் மரம்) சீவுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை என் பள்ளியில் மிகக் குறைவு. மறுநாள் அவர்கள் கொண்டுவந்த சொற்கள்: மங்கு (பால் வடியும் கிண்ணம்), உளி (மரம் சீவும் கத்தி), காண்டா (தோளில் வாளி சுமக்கும் கம்பு), ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்துபோன பால்), பெரட்டு (காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடுவது). ஒரு பிள்ளையின் பாட்டி பழைய உளி ஒன்றையே துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிவிட்டார், அதை நாங்கள் பத்திரமாக நூல்நிலையக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பிறகு திருப்பிக் கொடுத்தோம். காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு பக்கமும் வாளி தொங்க நடப்பது எப்படி என்று அந்தக் குறைநீக்கல் வகுப்பிலேயே வாசிப்பில் மிகவும் பின்தங்கிய ஒரு பையன் நடந்து காட்டினான், தாத்தா சொல்லிக்கொடுத்தாராம். அவன் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதினார், எழுதியதை அவனே வாசித்தான். தான் சொன்ன வாக்கியம் என்பதால் தடுமாறாமல் வாசித்தான். என் அப்பாவும் மரம் சீவியவர். நான் அந்த வகுப்பின் கதவோரம் நின்றிருந்தேன்.

இணையத்தில் கிடைத்த ஒரு கதை வகுப்புக்குள் வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் போய், வீட்டிலிருந்து ஐந்து சொற்களோடு திரும்பி வந்தது. பயிற்றுத் துணைப்பொருள் என்று நான் சொல்வது இதைத்தான். வெறும் இணைப்பை அனுப்பியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது.

வீட்டுப்பாடமாக இணைய விளையாட்டைக் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன், இதில் சில நண்பர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் திறன்பேசி ஒன்றுதான். அது அப்பாவிடம். அவர் ஈப்போவில் வேலை முடிந்து வர இரவு எட்டு மணி ஆகிறது, அப்போது அதில் டேட்டா மிச்சம் இருக்குமா என்பது வேறு. மூன்று பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். மறுநாள் வகுப்பில் "செய்யலையா?" என்று கேட்டு நிற்க வைத்தால் அந்தப் பிள்ளை எதற்குத் தண்டனை அனுபவிக்கிறது? வகுப்புக்குள் பயன்படுத்துங்கள், வீட்டுக்குத் தாளில் கொடுத்தனுப்புங்கள்.

பிள்ளைகளின் முழுப்பெயர், படம் கேட்கும் எந்தத் தளத்திலும் அவர்களைப் பதிய வேண்டாம். பெயருக்குப் பதிலாக ஓர் எண் கொடுத்தாலே போதும்.

இன்னொன்று, இணைப்புகள் சாகும். ஃபிராக் என்ற மெய்நிகர் கற்றல் தளத்தில் எத்தனை ஆசிரியர்கள் இரவு பகலாக உட்கார்ந்து பாடம் ஏற்றினோம், 2019இல் அது நம் பள்ளிகளிலிருந்து போய்விட்டது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு, இணைய விளையாட்டுகளை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் நின்றது, தமிழில் எழுத்து விளையாட்டுகள் எத்தனையோ அதோடு திறக்காமல் போயின. கூகுளின் மின்வெண்பலகையான ஜேம்போர்ட் 2024 கடைசியில் மூடப்பட்டது. குவிசிஸ் 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது, ஆசிரியர்கள் தளமே போய்விட்டது என்று பயந்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு விடுமுறை முடியும்போதும் என் பழைய தாள்களில் உள்ள எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறேன், செத்ததைக் கிழித்துப் போடுகிறேன். புத்தக அலமாரியில் செல்லரித்த நூலை எடுத்துவிடுவது நூலகரின் வேலை என்றால் இதுவும் அதே வேலைதான்.

பள்ளி நிர்வாகங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை இணைப்பு பகிர்ந்தோம், இத்தனை படம் எடுத்தோம் என்று அறிக்கையில் எண்ணிக்கை கேட்காதீர்கள். எண்ணிக்கை கேட்டால் நாங்கள் எண்ணிக்கையைத்தான் தருவோம். எத்தனை ஆசிரியர் ஒன்றை இரண்டாவது தடவை பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். என் பள்ளியில் இந்த வருடம் இதுவரை மேசையில் வைத்த தாள்கள் 14, அவற்றில் ஒன்பதை யாராவது ஒருவர் மறுபடியும் கேட்டு வந்திருக்கிறார்கள். மீதி ஐந்து ஏன் உதவவில்லை என்று அந்தந்த ஆசிரியரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு வேண்டுகோள், 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள நம் சிறிய பள்ளிகளில் நூலகப் பொறுப்பாசிரியரும் மற்றவர்களைப் போலவே வகுப்புகளையும் சுமக்கிறார். வாரத்தில் இரண்டு பாடவேளை அவருக்கு விட்டுக் கொடுத்தால் போதும், ஒரு தாளை ஒழுங்காகச் சோதித்து எழுதிவிடலாம்.

இந்த வெள்ளிக்கிழமைத் தாள் நான்காம் ஆண்டு அறிவியலுக்கு. ப்ளிக்கர்ஸ் கேள்விகள், பின்னத் தாள், பசார் மாலாம் கதை எது வேண்டுமானாலும் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். கேட்கும்போது எந்த ஆண்டு, எத்தனை பிள்ளைகள், வகுப்பில் புரொஜெக்டர் உண்டா, லைன் எப்படி என்று நான்கு வரி எழுதுங்கள்.