கண்மணிக்கு மூன்று சுழி

போன மாதம் குழந்தைத் தலையணை உறை முப்பது தைத்து, ஒவ்வொன்றிலும் "கண்மணி" என்று அச்சடித்தேன். பஞ்சு போல உப்பிய எழுத்து. திரையில் பார்த்தபோது கன்னத்தைக் கிள்ளத் தோன்றியது. கண்காட்சியில் கடை போட்டிருந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் பேத்தியோடு வந்தார். உறையை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, கனமனியா?" என்று கேட்டார். குறை சொல்லும் குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். வாங்கிப் பார்த்தேன். ண-வின் சுழிகளுக்குள் மை இறங்கி அடைத்திருந்தது. ண்-மேல் இருக்க வேண்டிய புள்ளியைக் காணோம்.

அன்றிரவு முப்பதையும் பாயில் வரிசையாக விரித்து உட்கார்ந்தேன். முதல் பத்தில் புள்ளி பளிச்சென்று இருந்தது. அடுத்த பத்தில் தேய்ந்தது. கடைசிப் பத்தில் துளி மையும் இல்லை. சுழியோ முதல் உறையிலேயே பாதி மூடியிருந்தது. இதைப் பற்றி கையால் பொருள் செய்து விற்கிற எல்லோரிடமும் பேச வேண்டும் என்று அப்போதே தோன்றியது, முக்கியமாகத் தமிழில் பெயர் போடுகிறவர்களிடம்.

குறும்பான எழுத்து வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாடப்புத்தக எழுத்தில் "கண்மணி" என்று போட்டால் மருத்துவமனைச் சீட்டு மாதிரி இருக்கும். நம் ஊரில் இது புதிதும் கிடையாது. வார இதழ்களில் தொடர்கதைத் தலைப்பை ஓவியரே கையால் எழுதிய காலம் இருந்தது. பேய்க்கதை என்றால் எழுத்தே நடுங்கும், காதல் கதை என்றால் கொம்பு கொடியாகப் படரும். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் சுவரில் தூரிகை பிடித்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் எவ்வளவு வளைத்தாலும் ண-வுக்கு மூன்று சுழி இருக்கும், ன-வுக்கு இரண்டு இருக்கும். துணைக்காலை நீட்டு, கொம்பைச் சுருட்டு, ர-வின் காலை ஆட விடு, எழுத்தையே சாய்த்துப் படுக்க வை. சுழியிலும் புள்ளியிலும் மட்டும் கை வைக்காதே. அந்த ஓவியர்களின் வேலையைப் பார்த்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ஒரு வட்டத்தின் நடு அடைபட்டாலும் சொல்லைப் படித்துவிடலாம். நமக்கு ஒரு சுழி போனால் மணம் மனம் ஆகிவிடும். ஒரு புள்ளி போனால் மண் மண ஆகிவிடும்.

ஏன் இப்படி ஆகிறது என்று ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது சட்டத்தில் கட்டிய வலை வழியாக மையை இறக்கும் அச்சு, செய்கிறவர்களுக்குத் தெரியும். துணிக்குக் கண் பெரிய வலைதான் போடுவோம், மை தாராளமாக இறங்க வேண்டுமே. பருத்தித் துணி அந்த மையை உறிஞ்சி ஓரத்தில் கொஞ்சம் கசிய விடும். உப்பிய எழுத்தில் சுழியின் ஓட்டை ஏற்கெனவே கடுகளவு. கசிவு இரண்டு பக்கமும் வந்தால் கடுகு மறைந்துவிடும். புள்ளியின் கதை நேர் எதிர். அது வலையில் விட்ட சின்னத் துவாரம். நீரில் கரையும் மை அடிக்க அடிக்க வலையிலேயே காயும், காயும்போது முதலில் அடைபடுவது சின்னத் துவாரம்தான். பெரிய எழுத்து பளபளவென்று விழுந்துகொண்டே இருப்பதால் நம் கண்ணுக்குப் படாது.

ஆகவே ஃபான்ட்டைத் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் பெயரில் என்னென்ன எழுத்து வருகிறதோ அதை மட்டும், அச்சாகப் போகும் அதே அளவில், அதே துணியில் அடித்துப் பாருங்கள். "அம்மா" என்ற சொல்லுக்கு அழகாக வருகிற ஃபான்ட் "வண்ணம்" என்றதும் கைவிட்டுவிடும்.

இலவசமாகவே நல்ல எழுத்துகள் கிடைக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸில் பலூ தம்பி இருக்கிறது. மும்பையின் ஏக் டைப் குழு செய்தது. ஒரே குடும்பத்தில் மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, தமிழுக்குத் தம்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்காகவே எனக்குப் பிடிக்கும். அதிகத் தடிமனை விட்டு இரண்டு படி இறங்கினால் சுழி மூச்சு விடுகிறது. காய்னி அதைவிடக் குண்டு, பெரிய அளவில் இரண்டு மூன்று எழுத்துக்கு மட்டும் சரி. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கவிவனார் சாய்ந்த கையெழுத்து போல இருக்கும், ஊறுகாய் பாட்டிலுக்கும் பொடி பாக்கெட்டுக்கும் பாந்தமாகப் பொருந்தும். மூன்றுமே திறந்த உரிமத்தில் வந்தவை. பொருளில் அச்சடித்துத் தாராளமாக விற்கலாம், ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. வேறு இடங்களில் இறக்கும் ஃபான்ட்டுகளில் பல சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருக்கும். வடிவமைத்தவரும் நம்மைப் போலக் கைவேலைக்காரர்தான், அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. பல பொருட்களின் அட்டையில் ஆங்கிலப் பெயர் துள்ளிக்கொண்டிருக்கும், கீழே தமிழ்ப் பெயர் விண்டோஸின் பழைய லதா ஃபான்ட்டில் விறைப்பாக நிற்கும். தேர்ந்தெடுத்த ஃபான்ட்டில் தமிழே இல்லை என்பதால் கணினி தானாக ஒன்றைப் போட்டிருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011 படி விலை, அளவு, தயாரித்த மாதம், நம் முகவரி எல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கட்டாயம், தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பகுதிக்கு விளையாட்டு எழுத்தே வேண்டாம், சாதாரண எழுத்தில் தெளிவாகப் போடுங்கள். அட்டையில் தமிழுக்கு மிஞ்சுவது பெயர் ஒன்றுதான் என்றால் அந்த ஒன்றையாவது அக்கறையோடு செய்ய வேண்டாமா?

புள்ளிக்குப் பதில் பூவோ இதயமோ போடலாமா என்று தோழிகள் கேட்கிறார்கள். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் போடலாம். பூ பெரிதாக இருப்பதால் வலையிலும் அடைபடாது. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பூ போதும். "கருப்பட்டி" என்பதில் இரண்டு புள்ளி வரும், இரண்டிலும் பூ வைத்தால் எழுத்தை விட்டுவிட்டுப் பூவைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வாரம் "கண்மணி"யைக் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் கர்வ்ஸ், அதாவது இஷ்டப்படி வளைக்கக்கூடிய கோடுகள், ஆக்கினேன். ண-வின் மூன்று சுழியையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அரிசி உள்ளே போகும் அளவுக்கு விரித்தேன். அதற்காக எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டியிருந்தது, உறையின் ஓரம் வரை வந்துவிட்டது. புள்ளியை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினேன். இப்போது ஐந்து உறைக்கு ஒரு முறை ஈரத்துணியால் வலையைத் துடைக்கிறேன். வேலை இழுக்கிறது, ஒரு மணி நேரத்தில் முடிவது இரண்டு மணி ஆகிறது. இருபத்தெட்டு உறை காய்ந்துகொண்டிருக்கிறது. இருபத்தெட்டிலும் புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.