கேபினட்டை விடுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து, தெரிந்தவர்கள் பலரும் வீட்டுக் கம்ப்யூட்டரை மாற்றக் கிளம்பியிருக்கிறார்கள். விண்டோஸ் 11 கேட்கும் பிராசசரோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ பழைய செட்டில் இல்லை. போர்டு, பிராசசர், ராம் மூன்றும் மாற்ற வேண்டும். சரி. ஆனால் கடையில் நான்காவதாக ஒன்றையும் தலையில் கட்டுகிறார்கள்: கண்ணாடி பதித்த, கலர் கலராக ஃபேன் மின்னும் புது கேபினட். பழசில் புது போர்டு உட்காராதாம்.

உட்காரும். போர்டுக்கும் கேபினட்டுக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் என்ற அளவை இன்டெல் கொண்டுவந்தது 1995-ல். முழு ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர், வீட்டுக்கு நாம் அதிகம் வாங்கும் மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. ஸ்க்ரூ துளைகளின் இடம் அன்றைக்கு இருந்ததுதான். பின்பக்கப் போர்ட்டுகளைச் சுற்றி வரும் தகடு புது போர்டோடு வந்துவிடும். டெல், எச்பி மாதிரி பிராண்டட் பெட்டிகளுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். அவற்றில் பலவற்றுக்குப் போர்டும் பவர் சப்ளையும் தனி அளவு, மல்லுக்கட்ட வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், கேபினட்டை மாற்றச் சொல்லும் அதே ஆள் அதற்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பவர் சப்ளையைப் பார்த்து "இது நல்லாத்தானே ஓடுது, இருக்கட்டும்" என்பார். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பெட்டி வெறும் தகரம், அதற்கு வயதாவதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருஷா வருஷம் வலுவிழக்கும். கேபினட்டோடு இலவசம் போல வந்த அந்த 450 வாட் ஸ்டிக்கரையும் நம்ப முடியாது. இன்றைய பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் 12 வோல்ட் லைனில். பழைய மலிவு யூனிட்டுகள் பலவற்றில் பலவீனமே அந்த லைன்தான். பிராசசருக்குப் போகும் பிளக் அதில் 4 பின், புது போர்டுகள் பலவற்றில் 8 பின். பழைய எஸ்எம்பிஎஸ் வெடித்தால் தனியாகப் போகாது, புது போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். கண்ணாடிக்குக் கொடுக்கும் பணத்தை இங்கே போடுங்கள்.

வேலையில் கவனம் வேண்டியது இரண்டு இடம். ஒன்று, போர்டுக்கு அடியில் நிற்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள். முழு ஏடிஎக்ஸ் இருந்த பெட்டியில் மைக்ரோ ஏடிஎக்ஸ் வைக்கும்போது சில இடம் மாறும். துளை இல்லாத இடத்தில் ஒன்று மிச்சம் நின்றால் போர்டின் பின்பக்க சால்டரைத் தொட்டு ஷார்ட் ஆகலாம். போர்டை மேலே பிடித்துப் பார்த்து, துளைக்கு நேராக இல்லாததைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று முன்பக்க ஒயர்கள். பவர் பட்டன், ரீசெட் ஒயர்களை எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். விளக்கு ஒயர் திரும்பினால் எரியாது, அவ்வளவுதான். பழைய கேபினட்டுகளில் பவர் விளக்கின் பிளக் மூன்று துளையோடு, நடுத் துளை காலியாக வரும். புது போர்டிலோ பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பின். ஊக்கு முனையால் அந்த பிளாஸ்டிக் நாக்கை லேசாகத் தூக்கினால் உள்ளே இருக்கும் உலோகத் துண்டு நழுவி வரும். அதை நடுத் துளைக்கு மாற்றிச் செருகுங்கள்.

காற்றோட்டத்தைப் பற்றி ரொம்ப பயமுறுத்துவார்கள். 65 வாட் பிராசசருக்கு, தூசி தட்டிய பழைய பெட்டியில் பின்னால் ஒரு நல்ல ஃபேன் போதும். ஹார்ட் டிஸ்க்கை விட்டு, போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி-க்கு மாறிவிட்டால் ஹார்ட் டிஸ்க் கூண்டையும் கழற்றலாம். முன்பக்கம் காற்றுக்கு வழி கிடைக்கும். (ரிவெட் அடித்திருந்தால் டிரில் வேண்டும், போர்டு வைப்பதற்கு முன்பே.)

30 சென்டிமீட்டர் நீள கேமிங் கார்டு, 16 சென்டிமீட்டர் உயர டவர் கூலர் என்று போகிறவர்களுக்குப் புது கேபினட் தேவைப்படலாம், மறுக்கவில்லை. மற்றவர்கள் கிளம்பும் முன் டேப்பை எடுத்து உள்ளே நீளம், அகலம் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். "பழசுல உட்காராது சார்" என்று ஆரம்பித்தால், எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் இடிக்கிறது என்று கேளுங்கள்.