அட்டை வாங்கச் சங்கத்துல சேரணும்னு இல்ல

அண்ணாச்சி, "மாற்றுத்திறனாளிகள் சங்கத்துல சந்தா கட்டினாதான் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கும், அதுவும் கை கால் ஊனம்னா மட்டும்"னு எழுதியிருக்கீங்க. ரெண்டுமே தப்பு.

அட்டை தர்றது அரசு. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. நாகர்கோவில்ல இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல நேரடியாவே கேக்கலாம். ஊனம் எத்தனை சதவீதம்னு சான்று தர்றது டாக்டர்தான், சங்கத் தலைவர் இல்ல.

1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 7 வகை ஊனம்தான் இருந்துச்சு. 2016 சட்டம் அதை 21 ஆக்கிச்சு. ஆட்டிசம், தசைச்சிதைவு, ஹீமோபிலியா, பார்க்கின்சன், ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்க எல்லாரும் அதுல உண்டு. வேலை இடஒதுக்கீடு மாதிரி விஷயத்துக்குக் குறைஞ்சது 40 சதவீதம் வேணும்.

அதுக்காகச் சங்கமே வேண்டாம்னு சொல்லல, கேட்டீங்களா? உதவித்தொகை நின்னுபோனா, ஆபீஸ்ல சாய்தளம் இல்லாட்டி, மனுவோட கூட வந்து நிக்கிறது அவங்கதான்.