தனியாக வரைந்தது போதும், நாலு பேராகச் சேர்ந்து எட்டுப் பக்கம் போடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நன்றாகப் படம் வரைகிற பிள்ளைகளுக்குக் குறைச்சலே இல்லை. பனியன் கம்பெனியில் டிசைன் போடுகிறவர்கள், ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், ராத்திரி இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள். "காமிக்ஸ் என்னாச்சு கண்ணு?" என்று கேட்டால், "நூத்தம்பது பக்கம் கிராஃபிக் நாவலுங்ணா, போய்ட்டு இருக்குது" என்று பதில் வருகிறது. அடுத்த வருஷம் கேட்டாலும் அதேதான். அந்த நாவலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் எட்டே பக்கம், அதுவும் நாலு பேர் சேர்ந்து.

ஒரு ஏ4 தாளை எட்டுக் கட்டமாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டி மறுபடி மடித்தால், ஸ்டேப்ளர் பின் கூட அடிக்காமல் புத்தகம் வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்தால் போதும். ஒரே தாளில் எட்டுப் பக்கம் என்கிற வழக்கத்தை அமெரிக்காவின் பெர்க்லியில் 1970களில் பரப்பியவர் க்ளே கீர்ட்ஸ். அவருடையது இரண்டு பக்கமும் அச்சடித்து, தாளைப் பாதியாக வெட்டி மடிக்கிற முறை. அவரைச் சுற்றி இருந்த ஓவியர்கள் இந்தக் குட்டிப் புத்தகங்களைத் தபாலில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டே வளர்ந்தார்கள்.

சேர்ந்து வரைவது பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் ஸாப் காமிக்ஸைப் பார்க்க வேண்டும். 1968-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அதன் முதல் இதழை ராபர்ட் கிரம்ப் தனியாகத்தான் வரைந்தார், குழந்தை வண்டியில் வைத்துத் தெருவில் விற்றார். அடுத்தடுத்த இதழ்களில் எஸ். க்ளே வில்சன், மொஸ்கோசோ, ஸ்பெயின் ரொட்ரிகஸ் என்று வேறு கைகளையும் உள்ளே விட்டார். ஒருவர் ஒரு கட்டம் போட, அடுத்தவர் கதையை எங்கேயோ இழுத்துக்கொண்டு போக, 'ஜாம்' பக்கங்கள் வந்தன. இருந்த இடத்தில் அவர் தனியாகவே ராஜாவாக இருந்திருக்கலாம், ஆனால் இருக்கவில்லை. எனக்கு இன்னும் பிடித்தது 1972-ல் பெண்கள் தொடங்கிய விம்மன்ஸ் காமிக்ஸ். அங்கே ஆசிரியர் பொறுப்பு இதழுக்கு இதழ் கை மாறியது, அப்படியே 1992 வரை ஓட்டினார்கள். நம் ஊரில் நாலு நண்பர்கள் ஒன்றைத் தொடங்கினால் முதல் நாளே ஒருவர் ஆசிரியராகிவிடுகிறார், மற்றவர்கள் அவருக்குப் படம் போட்டுக் கொடுப்பவர்களாகிவிடுகிறார்கள், அப்புறம் மனஸ்தாபம். பொறுப்பைச் சுற்றில் விடுங்கள். அவரவர் படம் அவரவருக்குச் சொந்தம் என்பதையும், காசை எப்படிப் பிரிப்பது என்பதையும் முதல் கோடு போடும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

எழுத்து விஷயம்தான் பலர் கவனிக்காதது. ஏ4-ல் வரைந்து, அதில் எட்டில் ஒரு பங்கான ஏ7-க்குச் சுருக்கினால் எழுத்தின் உயரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஜெராக்ஸில் புள்ளி காணாமல் போகும், 'ண'வின் சுழியெல்லாம் மை அடைத்துக்கொள்ளும். அதோடு தமிழில் ஒரே வினைச்சொல் ஒரு வசன பலூனை முழுசாக அடைத்துவிடும். ஆகவே எழுத்துக்கென்றே ஒரு ஆள் வேண்டும், கையெழுத்து நன்றாக உள்ள ஆள், கம்ப்யூட்டர் ஃபான்ட் வேண்டவே வேண்டாம். வசனத்தை நம் பேச்சிலேயே வையுங்கள். "ஏனுங் மாமா, தண்ணி உட்டாச்சுங்ளா?" என்று கேட்கிற பாத்திரத்தை நான் இதுவரை அச்சில் ஒரு காமிக்ஸிலும் பார்த்ததில்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

முத்து காமிக்ஸ் 1972-லிருந்தும் லயன் 1984-லிருந்தும் சிவகாசியிலிருந்து வந்து நம்மை வாசகர்களாக்கின. ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் அவற்றின் வாசகர்கள் கூடுவதைப் பார்த்தாலே தெரியும், இந்த மண்ணில் படக்கதைக்கு எவ்வளவு பாசம் இருக்கிறதென்று. ஆனால் அவற்றில் நாம் படித்தது பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க நாயகர்களின் கதை. சோமனூர்த் தறிக்காரரின் கூலிப் பிரச்சினையை, 2011-ல் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடியபோது திருப்பூரில் வேலை இழந்தவர்களின் வீட்டை யார் வரைவது? பனியன் கம்பெனிச் செக்கிங்கில் நிற்கிற ஒரு அக்கா கதை சொல்லட்டும், நீங்கள் வரையுங்கள், இன்னொருவர் எழுதட்டும். அந்த அக்காவின் பெயரும், அவருக்குச் சம்மதம் என்றால், அட்டையில் வர வேண்டும், உள்ளே நன்றி சொல்கிற இடத்தில் இல்லை.

லாட்வியாவின் மக்கள்தொகை நம் கோவை மாவட்டத்தைவிடக் குறைவு. அங்கே ரீகாவிலிருந்து, 2007-ல் தொடங்கிய 'குஷ்' என்ற குழு உள்ளங்கை அளவில் காமிக்ஸ் தொகுப்பு போட்டு உலகம் முழுக்க அனுப்புகிறது. 1971-ல் இதே கோவையிலிருந்து வானம்பாடிக் கவிஞர்கள் 'விலையிலாக் கவிமடல்' என்று இதழ் போட்டார்கள். அவர்களில் பலர் ஆசிரியர் வேலையில் இருந்தவர்கள், இலவசமாகக் கொடுத்தது அவர்கள் எடுத்த முடிவு, அதில் எனக்கு மரியாதை உண்டு. படம் வரைகிற பிள்ளைகளுக்கு மட்டும் நான் விலை போடச் சொல்வேன். இருபது ரூபாய். நண்பனாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள், வந்த காசை அடுத்த இதழின் ஜெராக்ஸுக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.