சித்திரையில் தண்ணீர் நிற்கும் மழைநீர் வடிகால்

எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாக ஒரே சண்டை. மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுநீரை விட்டால் இணைப்பைத் துண்டித்து அபராதமும் போடுவோம் என்று வந்த நோட்டீஸ்தான் காரணம். "நாங்க என்ன கக்கூஸ் தண்ணியா விடறோம்? வாஷிங் மெஷின் தண்ணிதானே, வெறும் சோப்பு" என்பது பெரும்பாலானவர்களின் வாதம்.

நாலு வருஷமாக நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் யோக்கியன் வேஷம் போடாமல் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த புறநகர் எங்களுடையது. பாதாளச் சாக்கடை வந்ததும் கழிவறைகளை அதில் இணைத்துவிட்டோம். சாக்கடையில் வீட்டுப் பைப் சேரும் தொட்டியான சேம்பர் வீட்டுக்கு இடப்பக்கம். பாத்திரம் தேய்க்கும் இடமும் வாஷிங் மெஷினும் வலப்பக்கம். தரையை உடைத்துத்தான் பைப்பைக் கொண்டுபோக முடியும். "எதுக்கு சார் டைல்ஸை உடைக்கணும், வாசல்லயே வடிகால் போகுதே" என்றார் பிளம்பர். சரி என்றேன். மூன்றடி பைப், அரை நாள் வேலை.

இந்தச் சித்திரையில் தூர் வார வந்தவர்கள் எங்கள் வாசலில் இருந்த மூடியைத் தூக்கினார்கள். கண்ணில் மழையைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர். அதன்மேல் புளித்த தோசை மாவு மாதிரி ஒரு வெள்ளை ஏடு. எண்ணெயும் சோப்பும் சேர்ந்து உறைந்தது. மண்வெட்டியால் வெட்டித்தான் எடுத்தார்கள். "சித்திரையில தண்ணி நிக்குதுன்னா அது மழைத்தண்ணி இல்லீங்க ஐயா" என்றார் ஒருவர். திட்டவில்லை, சும்மாதான் சொன்னார். மோர் கொண்டுவருகிற சாக்கில் நான் உள்ளே போய்விட்டேன்.

மறுவாரமே டைல்ஸை உடைத்தேன்.

'வெறும் சோப்புத் தண்ணி' செய்கிற வேலை கொஞ்சமில்லை. சென்னை தட்டையான ஊர், வடிகாலுக்குக் கிடைக்கும் வாட்டமே (சரிவே) சொற்பம். அதில் தினமும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தால் மணலும் எண்ணெய்ப் பிசுக்கும் அடியில் கெட்டிப்பட்டுப் பாதி ஆழத்தை அடைத்துவிடும். ஐப்பசி மழைக்கு மிச்சப் பாதிதான். ராத்திரி நம்மைத் தூங்கவிடாத கியூலெக்ஸ் கொசு முட்டையிடுவதும் இந்த மாதிரி அழுக்குத் தண்ணீரில்தான். (டெங்கு கொசு வேறு, அது நல்ல தண்ணீர் தேடும்.) பாதாளச் சாக்கடையில் போவது கொடுங்கையூர், பெருங்குடி மாதிரியான சுத்திகரிப்பு நிலையங்களுக்காவது போகிறது. வடிகாலில் விடுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராகக் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோதான். 2015இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஊர் மிதந்ததற்கு வாஷிங் மெஷின்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஏரிக்குள் வீடு கட்டிய கணக்கு தனி. ஆனாலும் நம் பங்கு என்று ஒன்று இருக்கிறது.

ஆக, என்னை மாதிரி சாக்கடை இணைப்பை வைத்துக்கொண்டு சோம்பல்பட்டவனுக்கு அபராதம் போடுங்கள், தாராளமாக. பக்கத்துத் தெருவுக்கும் அதே நோட்டீஸ் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே பாதாளச் சாக்கடையே இன்னும் வரவில்லை. எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க். களிமண் பூமி, உறிஞ்சுகுழி தோண்டினால் கோடையில் குடிக்கும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் திருப்பித் துப்பும். டேங்க் நிரம்ப நிரம்பக் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டுக் கட்டுப்படியாகாமல் ராத்திரியில் மோட்டார் போட்டு வடிகாலில் தள்ளுகிறார்கள். தப்புதான். அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும் என்று அபராதம் போடுகிறவர் சொல்ல வேண்டாமா? வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெருவில் இருப்பவனுக்கு இரண்டுமே வாசலில் இருக்கிற ஒரு பள்ளம். முதலில் சாக்கடை, அப்புறம் இணைப்புக்குக் கெடு, அதற்கும் அப்புறம் அபராதம். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பைப்பைப் பகலில் அடைத்து ராத்திரியில் திறப்பார்கள், அவ்வளவுதான்.

நோட்டீஸில் இன்னொரு தெளிவும் வேண்டும். மொட்டை மாடிப் பைப்பையும் அடைக்கணுமா என்று குழுவில் ஒரு அக்கா பயந்துபோய்க் கேட்டார். வேண்டாம் அக்கா. அது மழைத்தண்ணீர். 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புக் குழிக்கு அது முதலில் போகட்டும், நிரம்பி வழிவது வடிகாலுக்குப் போகலாம். அதைக் கொண்டுபோய்ச் சாக்கடை சேம்பரில் மட்டும் விடாதீர்கள். அடைமழையில் தெருத்தண்ணீர் வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறோமே, அதுவும் இதே தப்புதான். தாழ்வான வீடுகளின் கீழ்த்தளக் குளியலறை வழியாக அத்தனையும் மேலே வரும்.

எங்கள் வட்டாரத்து மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபை அடுத்து கூடும்போது, பக்கத்துத் தெருவுக்குச் சாக்கடை எப்போது வரும் என்று எழுதிக் கொடுத்துக் கேட்கப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள். டைல்ஸ் இன்னும் ஒட்டவில்லை, பார்த்து நடக்கவும்.